நார்மன் பெத்தியூன்

ஹென்றி நார்மன் பெத்தியூன் (மார்ச் 4, 1890 – நவம்பர் 12, 1939) கனடாவைச் சேர்ந்த நெஞ்சறை அறுவை மருத்துவர் ஆவார். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குருதியைப் போர்முனைக்கே கொண்டு சென்று ஏற்றும் நடமாடும் சேவை ஒன்றை அமைத்தார். சீன-ஜப்பானியப் போரில் வட சீன மலைப் பகுதிகளில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்து, அங்கேயே இறந்தார். இவர் தம் கையால் செய்த அறுவைச் சிகிச்சைகள் பலராலும் பேசப்படுகின்றன. ஆயினும் மருத்துவப் படிப்பு ஏதுமில்லாத சிற்றூர் இளைஞர்களைக் குறுகிய காலத்தில் மருத்துவ உதவியாளர்களாகவும் செவிலியர்களாகவும் பயிற்றுவித்த பணியே இவருக்குப் பின்னும் நீடித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் மருத்துவர் தாம் திரும்பிச் சென்ற பின்னரும் தொடரக்கூடிய திறனை உள்ளூர் மக்களிடம் விட்டுச் செல்ல வேண்டும் என்ற கருத்தைச் செயலில் காட்டியவர்களுள் இவர் முக்கியமான ஒருவர்.

பிறப்பும் கல்வியும்

பெத்தியூன் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள கிரேவன்அர்ஸ்ட் என்னும் சிறு நகரில் பிறந்தார். தந்தை மால்கம் பெத்தியூன் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் போதகர். தாயார் எலிசபெத் ஆன் குட்வின். தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் ஒன்டாரியோவின் பல ஊர்களுக்கு இடம் மாறியது. நார்மன் என்றே பெயர் கொண்டிருந்த இவருடைய பாட்டனார் டொராண்டோவில் புகழ் பெற்ற அறுவை மருத்துவராகவும் அங்கு ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவியோருள் ஒருவராகவும் விளங்கினார்.

பெத்தியூன் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கல்வி கற்றார். 1911ஆம் ஆண்டில் படிப்பை இடைநிறுத்தி, பின்னாளில் பிரான்டியர் கல்லூரி எனப் பெயர் பெற்ற அமைப்பின் சார்பில் ஒன்டாரியோவின் மரம் வெட்டும் முகாம்களில் பணி புரிந்தார். இவ்வமைப்பின் ஆசிரியர்கள் பகலில் தொழிலாளருடன் சேர்ந்து உடலுழைப்பில் ஈடுபடுவர். இரவில் அதே தொழிலாளருக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பர். முகாமில் இருந்தவர்களுள் பலர் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள், ஆங்கிலம் அறியாதவர்கள். மொழி தெரியாதவர்களுக்குக் கண்ணால் காட்டியும் கையால் செய்ய வைத்தும் கற்பிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர் சீனச் சிற்றூர்களில் இவர் கைக்கொண்ட முறையும் இதுவே.

முதல் உலகப் போர்

1914இல் போர் மூண்டதும் மருத்துவப் படிப்பை மீண்டும் இடைநிறுத்திக் கனடியப் படையின் 2ஆம் கள மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். காயமுற்றோரைப் போர்முனையிலிருந்து தூக்கி வருவது இவருடைய பணி. 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே நடந்த சமரில் குண்டுச் சிதறலால் காலில் காயமுற்றார். பல வாரங்கள் மருத்துவமனையில் கழித்த பின் கனடா திரும்பி, 1916இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1917இல் பிரித்தானியக் கடற்படையில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார்.

காயமுற்ற ஒருவர் மருத்துவரிடம் வந்து சேரும் வரை கழியும் நேரமே அவர் பிழைப்பதையும் இறப்பதையும் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இவ்வுண்மையைத் தூக்கிச் செல்பவராகவும் காயமுற்றவராகவும் இருந்து இவர் அறிந்திருந்தார். ஸ்பெயினிலும் சீனாவிலும் இவருடைய திட்டங்கள் அனைத்தும் இந்த நேரத்தைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தன.

காச நோயும் திருப்பமும்

போருக்குப் பின் லண்டனில் மேற்பயிற்சி பெற்ற பெத்தியூன், 1922இல் எடின்பரோ அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினராகத் தேர்ச்சி பெற்றார். 1923இல் பிரான்செஸ் கேம்பல் பென்னி என்பவரை மணந்தார். 1924இல் இருவரும் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் குடியேறினர். அங்கு இவரிடம் வந்த ஏழை நோயாளிகளால் கட்டணம் செலுத்த இயலவில்லை. பின்னர் வசதி படைத்தோர் வரத் தொடங்கியதும் வருமானம் பெருகியது. நோய் ஒன்றாயினும் மருத்துவம் பணத்தைப் பொறுத்து வேறுபடுவதை இவர் இங்குக் கண்டார்.

1926இல் இவரைக் காச நோய் பற்றியது. நியூயார்க் மாநிலத்தின் சாரனாக் ஏரிப் பகுதியில் உள்ள ட்ரூடோ நல்வாழ்வகத்தில் சேர்க்கப்பட்டார். அக்காலத்தில் காச நோயைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. ஓய்வு, தூய காற்று, நல்லுணவு ஆகியனவே பொதுவான சிகிச்சை. நெஞ்சறைக்குள் காற்றைச் செலுத்தி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்கச் செய்து அதற்கு ஓய்வு கொடுக்கும் முறையைப் பற்றி நூல் ஒன்றில் படித்த இவர், அதனைத் தமக்குச் செய்யுமாறு வற்புறுத்தினார். முதலில் தயங்கிய மருத்துவர்கள் 1927இல் அதற்கு இணங்கினர். பெத்தியூன் நலம் பெற்றார். இதன் பின்னர்ப் பொது மருத்துவத்தை விட்டு நெஞ்சறை அறுவை மருத்துவத்தைத் தம் துறையாகக் கொண்டார்.

இவருடைய இல்லற வாழ்வு அமைதியாக அமையவில்லை. 1927இல் மணமுறிவு ஏற்பட்டது. 1929இல் அதே பெண்மணியை மறுமணம் செய்து கொண்டார். 1933இல் அவர்கள் மீண்டும் பிரிந்தனர்.

மொன்ட்ரியால் காலம்

1928 முதல் மொன்ட்ரியால் நகரின் ராயல் விக்டோரியா மருத்துவமனையில், கனடாவில் நெஞ்சறை அறுவை மருத்துவத்தின் முன்னோடியான எட்வர்ட் ஆர்ச்சிபால்டிடம் பணியாற்றினார். 1933 முதல் அந்நகரைச் சேர்ந்த சாக்ரே-கேர் மருத்துவமனையின் நெஞ்சறை அறுவைப் பிரிவுக்குத் தலைமை வகித்தார்.

இக்காலத்தில் பல அறுவைக் கருவிகளைப் புதிதாக வடிவமைத்தார். பழையவற்றைத் திருத்தியும் அமைத்தார். விலா எலும்பை வெட்டும் இவருடைய கத்தரி நெஞ்சறை அறுவை மருத்துவரிடையே நெடுங்காலம் வழக்கில் இருந்தது. கையில் உள்ள பொருளைக் கொண்டு தேவையான கருவியைச் செய்து கொள்ளும் இத்திறன் பின்னாளில் பெரிதும் பயன்பட்டது.

1930களின் பொருளாதாரப் பெருமந்தம் கனடாவைக் கடுமையாகத் தாக்கியது. அறுவைச் சிகிச்சையால் குணமடைந்த நோயாளிகள் அதே நெரிசலான, ஈரமான வீடுகளுக்குத் திரும்பி மீண்டும் நோயுற்றனர். காச நோயை ஒழிக்க அறுவைக் கத்தி மட்டும் போதாது, வறுமையையும் நீக்க வேண்டும் என்ற முடிவுக்கு இவர் வந்தார். வேலையற்றோருக்கு இலவசமாக மருத்துவம் பார்த்தார். 1935இல் சோவியத் ஒன்றியத்தில் நடைபெற்ற அனைத்துலக உடலியங்கியல் மாநாட்டிற்குச் சென்றபோது அங்கு நிலவிய அரசு மருத்துவ முறையைப் பார்வையிட்டார். அதே ஆண்டின் இறுதியில் கனடிய கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோரைக் கொண்ட குழு ஒன்றை அமைத்து, அனைவருக்கும் அரசு மருத்துவம் வழங்க வேண்டும் என்ற திட்டத்தை 1936இல் முன்வைத்தார். மருத்துவர் சமூகம் அதனை ஏற்கவில்லை. கனடாவில் அனைவருக்குமான மருத்துவக் காப்புறுதி பல பத்தாண்டுகள் கழித்தே நடைமுறைக்கு வந்தது.

ஸ்பெயினில் குருதிச் சேவை

1936 சூலையில் ஸ்பானியக் குடியரசு அரசுக்கு எதிராகத் தளபதி பிராங்கோ முதலானோரின் படைக் கிளர்ச்சி தொடங்கியது. ஸ்பானிய மக்களாட்சிக்கு உதவும் கனடியக் குழுவின் சார்பில் பெத்தியூன் அக்டோபர் 1936இல் புறப்பட்டு, நவம்பர் தொடக்கத்தில் மாட்ரிட் நகரை அடைந்தார். அப்போது அந்நகர் முற்றுகையின் விளிம்பில் இருந்தது.

மருத்துவமனைகளைப் பார்வையிட்ட இவர், காயமுற்றோருள் பலர் காயத்தின் கடுமையால் மட்டும் இறக்கவில்லை என்பதைக் கண்டார். குருதி இழப்பால் அவர்கள் வழியிலேயே இறந்தனர். நகரில் கொடையாளிகளிடமிருந்து பெறும் குருதியைச் சேமித்துப் போர்முனையை ஒட்டிய மருத்துவமனைகளுக்குக் கொண்டு சென்றால் பலரைக் காப்பாற்றலாம் எனக் கருதினார். லண்டனிலிருந்து ஊர்தி ஒன்றும் கருவிகளும் வாங்கப்பட்டன. மாட்ரிட்டில் கனடியக் குருதியேற்ற நிலையம் நிறுவப்பட்டது. மொழிபெயர்ப்பாளராக இருந்த ஹென்னிங் சொரென்சென், கட்டடக் கலைஞரான ஹேசன் சைஸ் ஆகியோரும் ஸ்பானிய மருத்துவர்களும் செவிலியரும் இதில் பணியாற்றினர்.

குருதி உறையாமலிருக்க அதில் சோடியம் சிட்ரேட்டு சேர்க்கப்பட்டது. பின்னர்ப் போத்தல்களில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப்பட்டது. மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்ததும் ஊர்தி புறப்படும். வானொலி வேண்டுகோளைக் கேட்டு மாட்ரிட் மக்கள் திரளாகக் குருதி வழங்கினர்.

இத்தகைய சேவையை முதலில் தொடங்கியவர் பெத்தியூனே என்று சில நூல்கள் கூறுவது சரியன்று. பார்சிலோனா நகரில் பிரெடெரிக் துரான்-ஜோர்தா என்ற மருத்துவர் இவருக்குச் சில மாதங்கள் முன்னரே சேமித்த குருதியைப் போர்முனைக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். அக்கருத்தை மாட்ரிட் போர்முனையில் தனியாகச் செயற்படுத்தி விரிவுபடுத்தியதே பெத்தியூனின் பங்கு.

1937 பெப்ரவரியில் மாலகா நகர் வீழ்ந்தது. பெருந்திரளான பொதுமக்கள் அங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அல்மெரியாவை நோக்கிக் கடற்கரைச் சாலையில் நடந்தனர். வழியில் வானூர்திகளும் போர்க்கப்பல்களும் அவர்களைத் தாக்கின. குருதி கொண்டு சென்ற பெத்தியூனும் உடன் இருந்தோரும் ஊர்தியிலிருந்த கருவிகளை இறக்கிவிட்டு, அதில் குழந்தைகளையும் நலிந்தோரையும் ஏற்றிப் பல முறை அல்மெரியாவில் சேர்த்தனர். இந்நிகழ்வைப் பற்றிப் பெத்தியூன் ஒரு சிறு நூல் எழுதினார்.

ஆயினும் நிலையத்தின் நிர்வாகத்தில் பூசல்கள் எழுந்தன. பெத்தியூன் எளிதில் சினம் கொள்பவர், கட்டுப்பாடுகளை விரும்பாதவர், மதுப்பழக்கமும் இருந்தது. குருதிச் சேவை ஸ்பானியப் படையின் மருத்துவத் துறைக்குள் கொண்டு வரப்பட்டபோது உரசல்கள் முற்றின. 1937இன் இடையில் இவர் கனடா திரும்ப நேர்ந்தது. ஆனால் நிலையத்தில் ஸ்பானியப் பணியாளர்கள் இருந்தமையால் சேவை நிற்கவில்லை.

சீனாவுக்குப் பயணம்

1937 சூலையில் ஜப்பான் சீனாவின் மீது முழு அளவில் போர் தொடுத்தது. கனடாவில் ஸ்பெயினுக்காக நிதி திரட்டி வந்த பெத்தியூன், சீனாவின் தேவை அதனினும் பெரிது எனக் கருதினார். 1938 சனவரியில் வான்கூவரிலிருந்து கப்பலில் புறப்பட்டார். சீன மொழி அறிந்த கனடியச் செவிலியர் ஜீன் ஈவெனும் அமெரிக்க மருத்துவர் ஒருவரும் உடன் சென்றனர். மருத்துவர் இடையில் விலகிக் கொண்டார். பெத்தியூனும் ஈவெனும் போரால் நிலைகுலைந்த பகுதிகளின் வழியே இடர்ப்பட்டுப் பயணம் செய்து, மார்ச் இறுதியில் கம்யூனிஸ்டுப் படையின் தலைமையிடமான யானான் நகரை அடைந்தனர். அங்குப் பெத்தியூன் மா சே துங்கைச் சந்தித்தார்.

காயமுற்றோர் மிகுந்த இடத்திற்குச் செல்ல விரும்பிய இவர், ஜப்பானியப் படையின் பின்புறத்தே அமைந்த ஜின்-சா-ஜி எல்லைப் பகுதிக்குப் புறப்பட்டு, சூன் 1938இல் வூத்தாய் மலைப் பகுதியை அடைந்தார். அப்பகுதிப் படைத் தளபதி நியே ரொங்சென் இவரை மருத்துவ ஆலோசகராக அமர்த்தினார்.

அங்கு நிலவிய நிலைமை பின்வருமாறு இருந்தது. பட்டம் பெற்ற மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணத் தக்கவர்களே. மருத்துவர் என அழைக்கப்பட்டோருள் பலர் முறையாக எதையும் கற்றதில்லை. செவிலியராக இருந்தோர் பெரும்பாலும் உழவர் வீட்டுச் சிறுவர்கள். காயக்கட்டுத் துணிகள் துவைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டன. காயங்கள் சீழ்ப்பிடித்து, கையையோ காலையோ அகற்ற வேண்டிய நிலையில் பலர் கிடந்தனர். பெத்தியூன் முதல் வாரத்திலேயே ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தார்.

மாதிரி மருத்துவமனை

ஒரு மருத்துவர் இரவும் பகலும் உழைத்தாலும் இத்தனை பேருக்குச் சிகிச்சை அளிக்க இயலாது. ஆகவே மற்றவர்கள் பார்த்துக் கற்கத்தக்க மருத்துவமனை ஒன்றை அமைக்க இவர் திட்டமிட்டார். சொங்யான்கோ என்னும் சிற்றூரில் பழைய கோயில் வளாகம் ஒன்று இதற்குத் தெரிவு செய்யப்பட்டது. ஊரின் தச்சர்கள் எலும்பு முறிவுக்கான சிம்புகளையும் படுக்கைகளையும் செய்தனர். கொல்லர்கள் கருவிகளைச் செய்தனர். பெண்கள் போர்வைகளும் உடைகளும் தைத்தனர். அறுவைக் கூடம், காயக்கட்டு அறை, நோயாளர் பதிவேடு, செவிலியர் பணி ஒழுங்கு ஆகியன ஏற்படுத்தப்பட்டன. செப்டம்பர் 15, 1938இல் மாதிரி மருத்துவமனை திறந்து வைக்கப்பட்டது.

கெரில்லாப் போரில் நிலையான மருத்துவமனையைப் பாதுகாப்பது கடினம் என்ற ஐயம் படைத் தலைமையிடம் முன்னரே இருந்தது. அவ்வையம் விரைவில் உண்மையாயிற்று. திறந்த சில வாரங்களுக்குள் ஜப்பானியப் படை அப்பகுதியைத் தாக்கியது, மருத்துவமனை அழிந்தது. பல மாத உழைப்பு வீணானது. ஆனால் அங்குப் பயிற்சி பெற்றவர்கள் முன்னரே வெளியேறியிருந்தனர். அவர்கள் கற்றது அழியவில்லை. கட்டடத்தை இழக்கலாம், பயிற்சி பெற்ற ஆட்களை இழக்கக் கூடாது என்பதே இவருடைய பிற்காலத் திட்டங்களின் அடிப்படையாயிற்று.

நடமாடும் அறுவைக் குழு

இதன் பின்னர்ப் பெத்தியூன் காயமுற்றோர் தம்மிடம் வரக் காத்திருக்கவில்லை. தாமே போர்முனைக்குச் சென்றார். மலைப் பாதைகளில் காயமுற்றவரைத் தூக்கி வருவதற்குப் பல நாட்கள் ஆயின. அதற்குள் காயத்தில் கிருமி பரவிவிடும். அறுவைக் குழு சமர் நடக்கும் இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் இத்தாமதத்தைத் தவிர்க்கலாம்.

நவம்பர் 1938இல் சாங்சி மாகாணத்தின் வடகிழக்கில் நடந்த சமரின்போது இவருடைய குழு 40 மணி நேரத்தில் 71 அறுவைச் சிகிச்சைகளைச் செய்தது. ஏப்ரல் 1939இல் நடு ஹெபெய் சமவெளியில் சிகுய் என்ற ஊரருகே நடந்த சமரில் 69 மணி நேரத்தில் 115 அறுவைச் சிகிச்சைகள் செய்யப்பட்டன. அறுவைக் கூடமாக அமைந்தது ஒரு சிறு கோயில்.

கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றத்தக்க மரச் சட்டம் ஒன்றைப் பெத்தியூன் வடிவமைத்தார். அதன் வடிவம் பாலத்தை ஒத்திருந்ததால், போர் தொடங்கிய இடமான லுகோ பாலத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது. அறுவைக் கூடம், காயக்கட்டு அறை, மருந்தகம் ஆகிய மூன்றுக்கும் வேண்டிய பொருட்கள் அதில் அடங்கும். நூறு அறுவைச் சிகிச்சைகளுக்கும் ஐந்நூறு காயக்கட்டுகளுக்கும் போதுமானவாறு அது அமைக்கப்பட்டது. குழு ஓரிடத்தை அடைந்த சிறிது நேரத்தில் பணியைத் தொடங்கவும், ஆபத்து நெருங்கினால் விரைவாக அகலவும் இதனால் முடிந்தது.

குளிர்சாதனப் பெட்டியும் மின்சாரமும் இல்லாத மலைகளில் மாட்ரிட் முறையைப் பின்பற்ற இயலவில்லை. எனவே ஊர் மக்களைக் கொண்ட கொடையாளர் குழுக்களை அமைத்தார். குருதி வகை முன்னரே கண்டறியப்பட்டு, தேவைப்படும்போது கொடையாளர் அழைக்கப்படுவார். குருதி கொடுப்பதற்கு மக்கள் தொடக்கத்தில் அஞ்சினர். பெத்தியூன் அவர்கள் முன்னிலையில் தம் குருதியைக் கொடுத்து அச்சத்தைப் போக்கினார்.

பயிற்சி முறை

பெத்தியூனின் பயிற்சி முறையில் பின்வரும் கூறுகள் காணப்படுகின்றன.

ஒன்று, ஒவ்வொருவரும் பிறர் பணியையும் கற்றல். சனவரி 1939இல் பல படைப் பிரிவுகளின் மருத்துவப் பணியாளரை ஒன்று திரட்டி ஒரு வாரச் செய்முறைப் பயிற்சி நடத்தினார். மருத்துவர்கள் உட்பட அனைவரும் முறை வைத்து ஏவலராகவும் செவிலியராகவும் பணி செய்தனர். தரையைக் கழுவுதல், காயக்கட்டு மாற்றுதல், மயக்க மருந்து கொடுத்தல், அறுவையில் உதவுதல் எனப் பணிகள் மாறி வந்தன. குழுவில் ஒருவர் இறந்தாலோ நோயுற்றாலோ மற்றவர் அவ்விடத்தை நிரப்ப வேண்டும் என்பது இதன் நோக்கம்.

இரண்டு, எளிய நூல்கள். மொழிபெயர்ப்பாளரின் உதவியுடன் பாடங்களைச் சீன மொழியில் வெளியிட்டார். படங்களைத் தாமே வரைந்தார். கெரில்லாப் போரில் கள மருத்துவமனைகளை அமைக்கும் முறையும் அவற்றின் தொழில்நுட்பமும் பற்றி 1939இன் கோடையில் எழுதிய நூல் இவற்றுள் முக்கியமானது.

மூன்று, உள்ளூர்ப் பொருட்கள். வெளிநாட்டிலிருந்து எப்போதாவது வரும் பொருளை நம்பிப் பயிற்சி அளித்தால், அப்பொருள் தீர்ந்ததும் பயிற்சியும் பயனற்றதாகும். ஆகவே ஊரில் கிடைக்கும் மரம், தகரம், பருத்தி ஆகியவற்றைக் கொண்டு செய்யும் முறைகளையே கற்பித்தார்.

நான்கு, தொடர்ந்த மேற்பார்வை. பயிற்சி பெற்றவர்கள் பணி செய்யும் இடங்களுக்கு மீண்டும் சென்று பார்த்தார். குறைகளை வெளிப்படையாகக் கூறினார். தவறு செய்தவர்களிடம் இவர் கடுமையாக நடந்து கொண்டதும் உண்டு.

உழவர் வீட்டு இளைஞர்களை ஓராண்டு போன்ற குறுகிய காலத்திற்குள் பணிக்குத் தேவையான அளவு பயிற்ற முடியும் என்பது இவருடைய துணிபு. இப்பயிற்சிக்கு நிலையான பள்ளி தேவை எனப் படைத் தலைமையிடம் வலியுறுத்தி, அதற்கான பாடத்திட்டத்தையும் வகுத்தார். ஹெபெய் மாகாணத்தின் தாங் மாவட்டத்தில் செப்டம்பர் 1939இல் ஜின்-சா-ஜி படையின் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது.

இறப்பு

பள்ளிக்கும் மருத்துவமனைகளுக்கும் பணமும் மருந்தும் போதவில்லை. அவற்றைத் திரட்டச் சிறிது காலம் கனடா சென்று வரப் பெத்தியூன் முடிவு செய்திருந்தார். அந்நிலையில் 1939 அக்டோபரில் ஜப்பானியப் படையின் புதிய தாக்குதல் தொடங்கியதால் பயணத்தைத் தள்ளி வைத்தார். அறுவைச் சிகிச்சை ஒன்றின்போது இவருடைய இடக்கை விரலில் வெட்டுக் காயம் ஏற்பட்டது. கையுறைகள் இருப்பில் இல்லை. சில நாட்களில் கடுமையான தொற்று நோயுடன் வந்த போர்வீரர் ஒருவருக்கு அறுவை செய்தபோது அவ்விரலில் கிருமி தொற்றிக் குருதி நஞ்சானது. அந்நாளில் பெனிசிலின் பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. தொற்றைக் கட்டுப்படுத்தக்கூடிய சல்பா மருந்துகளும் அம்மலைகளில் கிடைக்கவில்லை.

நவம்பர் 12, 1939 விடியற்காலையில் தாங் மாவட்டத்தின் ஹுவாங்ஷிகோ என்ற சிற்றூரில் பெத்தியூன் இறந்தார். அப்போது இவருக்கு வயது 49. இறப்பதற்கு முன் தளபதி நியே ரொங்செனுக்கு எழுதிய கடிதத்தில் தம் உடைமைகளைப் பகிர்ந்தளிக்க வேண்டிய முறையையும், வாங்க வேண்டிய மருந்துகளையும் குறிப்பிட்டிருந்தார். இவருடைய உடல் 1952இல் ஷிஜியாசுவாங் நகரின் தியாகிகள் கல்லறைக்கு மாற்றப்பட்டது.

பணியின் தொடர்ச்சியும் இந்தியத் தொடர்பும்

தாங் மாவட்ட மருத்துவப் பள்ளிக்கு 1940இல் பெத்தியூனின் பெயர் சூட்டப்பட்டது. பல இடங்களுக்கு மாறி வளர்ந்த இப்பள்ளியின் வழியில் வந்ததே சாங்சுன் நகரின் பெத்தியூன் மருத்துவப் பல்கலைக்கழகம். அது 2000இல் ஜிலின் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. இவர் பெயரிலான பன்னாட்டு அமைதி மருத்துவமனை ஷிஜியாசுவாங் நகரில் உள்ளது.

பெத்தியூனின் பணியைத் தொடர்ந்தவர்களுள் இந்தியரான துவாரகநாத் கோட்னிஸ் குறிப்பிடத்தக்கவர். இந்திய தேசிய காங்கிரசு 1938இல் சீனாவுக்கு அனுப்பிய ஐவர் மருத்துவக் குழுவில் சோலாப்பூரைச் சேர்ந்த இவரும் ஒருவர். 1940இல் ஜின்-சா-ஜி பகுதிக்கு வந்த கோட்னிஸ், 1941இல் பெத்தியூன் பன்னாட்டு அமைதி மருத்துவமனையின் தலைவரானார். சீன மொழி கற்று, அம்மொழியிலேயே அறுவை மருத்துவம் கற்பித்தார், பாடநூலும் எழுதினார். இவரும் போரின் நடுவே டிசம்பர் 9, 1942இல், 32ஆம் வயதில் நோயால் இறந்தார். இவருடைய வாழ்வைத் தழுவி வி. சாந்தாராம் 1946இல் இந்தித் திரைப்படம் ஒன்றை எடுத்தார்.

நினைவும் மதிப்பீடும்

பெத்தியூனைப் பற்றி மா சே துங் டிசம்பர் 1939இல் எழுதிய கட்டுரை, பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் சீன மக்கள் அனைவரும் படிக்க வேண்டியதாயிற்று. இதனால் கனடாவைவிடச் சீனாவில் இவர் பெரிதும் அறியப்பட்டார். இவருடைய அரசியல் காரணமாகக் கனடாவில் நீண்ட காலம் போதிய கவனம் கிடைக்கவில்லை. 1970இல் கனடாவும் சீனாவும் தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்ட பின்னர் நிலைமை மாறியது. 1972இல் கனடிய அரசு இவரை நாட்டின் வரலாற்றுச் சிறப்புடையோருள் ஒருவராக அறிவித்தது. கிரேவன்அர்ஸ்டில் இவர் பிறந்த வீடு 1976இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. 1990இல் இரு நாடுகளும் இவருக்கு அஞ்சல்தலைகள் வெளியிட்டன. அதே ஆண்டு டொனால்ட் சதர்லாந்து பெத்தியூனாக நடித்த திரைப்படமும் வெளிவந்தது.

சீன வெளியீடுகள் இவரைக் குறையற்ற மனிதராகக் காட்டின. பிற்கால வாழ்க்கை வரலாறுகள் இவருடைய முன்கோபத்தையும் உடன் பணிபுரிந்தோருடனான பிணக்குகளையும் பதிவு செய்துள்ளன. மாதிரி மருத்துவமனைத் திட்டம் போர்ச்சூழலைச் சரியாகக் கணிக்கவில்லை என்பதும் ஏற்கப்படுகிறது.

பேரிடர்க் காலங்களில் பிற நாடுகளுக்குச் செல்லும் மருத்துவக் குழுக்களைப் பற்றிய இன்றைய விதிகளோடு இவருடைய பணியை ஒப்பிடலாம். 2010ஆம் ஆண்டு எயிட்டி நிலநடுக்கத்தின்போது போதிய பயிற்சியும் ஆயத்தமும் இன்றி வந்த வெளிநாட்டுக் குழுக்கள் மீது கண்டனங்கள் எழுந்தன. உலக சுகாதார அமைப்பு 2013இல் இத்தகைய குழுக்களுக்கான வகைப்பாட்டையும் குறைந்தபட்சத் தகுதிகளையும் வெளியிட்டது. குழு தன் தேவைகளைத் தானே நிறைவு செய்ய வேண்டும், நோயாளர் பதிவேடுகளைப் பேண வேண்டும், உள்ளூர் மருத்துவ அமைப்புடன் இணைந்து செயற்பட வேண்டும் என்பன அவற்றுள் சில. இவ்விதிகள் பெத்தியூனிடமிருந்து நேரடியாகப் பெறப்பட்டவை அல்ல. ஆயினும் கழுதைச் சுமையில் அடங்கிய அறுவைக் கூடம், சிற்றூர் மருத்துவமனையின் பதிவேடு, ஊர் மக்களைக் கொண்ட கொடையாளர் குழு ஆகியவற்றில் அதே தேவைகளுக்கான விடைகளைக் காணலாம்.

பெத்தியூன் சீனாவில் பணியாற்றிய காலம் இரண்டாண்டுகளுக்கும் குறைவு. அவர் கட்டிய முதல் மருத்துவமனை சில வாரங்களே நிலைத்தது. அவர் தொடங்க வலியுறுத்திய பள்ளியில் வகுப்புகள் ஆரம்பித்து இரண்டு மாதங்களுக்குள் அவரே இறந்துவிட்டார். அப்பள்ளி தொடர்ந்து நடந்தது.